பழைய நட்சத்திரத்துக்கு எத்தனை மாத ஆயுள்?

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் உணவுக்கடை நடத்தும் ஒருவர் மீது விழும் சுகாதாரக் குற்றப்புள்ளிக்கு ஆயுள் 12 மாதம். அதே கடையைப் பற்றி யாரோ ஒருவர் பசியிலும் கோபத்திலும் கைப்பேசியில் தட்டிவிட்ட ஒற்றை நட்சத்திரத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று எவரும் விதி எழுதி வைக்கவில்லை. கடைக்காரர் மாறலாம், விலைப்பலகை மாறலாம், கட்டடமே இடிபட்டுப் புதிதாக எழலாம். நட்சத்திரம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

முதலில் அரசின் கணக்கு. சிறிய மீறலுக்குப் புள்ளி இல்லை, பெரியதற்கு 4, கடுமையானதற்கு 6. பன்னிரண்டு மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் உரிமம் இரண்டு வாரமோ நான்கு வாரமோ நிறுத்தப்படும், ரத்தாகவும் கூடும். இரண்டு வாரம் என்றால் பணத்தில் எவ்வளவு? வாடகைச் சலுகை இல்லாத அங்காடிக் கடைகளின் இடைநிலை வாடகை மாதம் ஏறத்தாழ 1,250 வெள்ளி என்று சில ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. நாளுக்கு 150 தட்டு, தட்டு 5 வெள்ளி, வாரம் ஆறு நாள் வியாபாரம் என்று ஒரு கடையை வைத்துக்கொள்வோம். 12 நாள் விற்பனை 9,000 வெள்ளி போகும். அதில் பாதி சரக்குச் செலவு, அது மிச்சம் என்று கழித்தாலும் கைக்கு வராமல் போவது 4,500. கடை பூட்டிக் கிடந்தாலும் 14 நாள் வாடகை 583 வெள்ளி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வலிக்கிற தண்டனைதான். ஆனால் அதற்கு முடிவு உண்டு. ஓராண்டு ஒழுங்காக நடந்தால் அந்தப் புள்ளிகள் கணக்கில் சேராது.

இனி நட்சத்திரக் கணக்கு. இதுவும் கற்பனைக் கடைதான், கூட்டல் வகுத்தல் மட்டும் நிஜம். முந்தைய கடைக்காரர் விட்டுப்போன 60 கருத்துகள், சராசரி 2.1 நட்சத்திரம். புதியவர் கடையை எடுக்கிறார், நன்றாகச் சமைக்கிறார். அவருக்கு வரும் கருத்துகளின் சராசரி 4.7. மொத்தச் சராசரி 4.0 என்ற மரியாதையான எண்ணைத் தொட அவருக்கு எத்தனை புதிய கருத்து வேண்டும்? 163. இருநூறு பேர் சாப்பிட்டால் ஒருவர் எழுதுவார் என்று கொண்டால் 32,600 தட்டு. நாளுக்கு 150 தட்டு, மாதம் 26 வேலைநாள் என்ற கணக்கில் எட்டு மாதத்துக்கு மேல். அந்த எட்டு மாதச் சொச்சத்தின் வாடகை மட்டும் 10,400 வெள்ளியைத் தாண்டும். அதுவும் 2.1 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஆட்கள் அந்தக் கடைக்கே வரவில்லை என்பதைக் கணக்கில் சேர்க்காமல். சேர்த்தால் 150 தட்டு என்ற அனுமானமே நிற்காது; மாதங்கள் இன்னும் நீளும்.

ரெட்ஹில் பக்கத்து உணவங்காடி ஒன்றில் தே தாரிக் வாங்கும்போது காதில் விழுந்த பேச்சு இது.

“அக்கா, உங்க கடைத் தே தண்ணியா இருக்கும்னு போன்ல போட்டிருக்கே?”

“அது முந்தி இருந்தவங்க, தம்பி. நாங்க எடுத்து ஒரு வருஷம்கூட ஆகல. கடை நம்பர் அதே நம்பர்தானே, அதான்.”

அந்த அக்கா சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. குற்றப்புள்ளி உரிமம் வைத்திருப்பவரோடு போகிறது. நட்சத்திரமோ கடை எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. உணவங்காடிக் கடைகளுக்குக் குத்தகைக் காலம் பொதுவாக மூன்று ஆண்டு. அங்காடிக்காரர்களின் இடைநிலை வயது 60-ஐ ஒட்டி நிற்பதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. ஆகவே கைமாற்றம் இங்கே அபூர்வமல்ல. மரின் பரேட் உணவங்காடியில் 2024-இல் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி என்று ஏலம் போனது. அதுவரை காணாத தொகை. எடுத்தவர் சில மாதங்களிலேயே விட்டுவிட்டார். ஓராண்டுக்குள் ஒரே கடை எண்ணில் இரண்டு மூன்று பேரின் சமையல் வந்துபோகக்கூடிய ஊர் இது. அந்த எல்லாவற்றையும் கூட்டி ஒரே சராசரி போடுவது, வாடகைக்கார் ஒன்றை ஓட்டிய அத்தனை பேரின் குற்றத்தையும் கடைசியாக ஓட்டியவர் தலையில் கட்டுவதுதான்.

கைமாறிய கடைக்கு மட்டும்தான் பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். பழைய புகழும் அதே வேலையைத் தலைகீழாகச் செய்யும். நானூறு பழைய கருத்துகள், சராசரி 4.6, எல்லாம் மூன்று ஆண்டுக்கு முந்தியவை. அண்மையில் வந்த 20 கருத்துகள், சராசரி 2.0. மொத்தமாகக் கூட்டி வகுத்தால் 4.48, திரையில் 4.5 என்று தெரியும். சமீபத்தில் சாப்பிட்ட 20 பேரும் முகம் சுளித்த கடைக்கு ஊரெல்லாம் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர் ஏமாந்தது, நின்ற பிறகுதான் தெரியும்.

இதற்கு மூன்று வைத்தியம் புழக்கத்தில் உண்டு. ஒன்று, ஒன்றும் செய்யாமல் விடுவது: 4.5. இரண்டாவது, குறிப்பிட்ட வயதைத் தாண்டியதைக் கணக்கிலிருந்து எடுப்பது: 36 மாத எல்லை வைத்தால் 20 கருத்து மட்டும் மிஞ்சி 2.0 வரும். மூன்றாவது, ஆண்டுக்கு ஆண்டு எடையைப் பாதியாக்குவது. மூன்று ஆண்டில் ஒரு கருத்தின் எடை எட்டில் ஒரு பங்கு. 400 கருத்து 50-க்குச் சமம். 50-ஐ 4.6-ஆலும் 20-ஐ 2.0-ஆலும் பெருக்கிக் கூட்டி 70-ஆல் வகுத்தால் 3.9. ஒரே கடை, ஒரே 420 வாய், மூன்று விடை. இதில் எது உண்மை என்று கேட்டால், அந்தக் கடையில் சமையற்காரர் மாறினாரா என்று நான் திருப்பிக் கேட்பேன். மாறியிருந்தால் 2.0. மாறாமல் ஒரு கெட்ட மாதம் வந்திருந்தால் 3.9. வயது மட்டும் இதைச் சொல்லாது.

சிங்கப்பூரில் மறதிக்கு ஏற்கெனவே பல கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. வாகன ஓட்டிக்கு 24 மாதத்துக்குள் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கம். இடையில் 12 மாதம் ஒரு தவறும் இல்லாமல் ஓட்டினால் பழைய புள்ளிகள் துடைக்கப்படும். கடன் தகவல் நிலையத்தின் அறிக்கை, கடன் அட்டைக்காரர் கடந்த 12 மாதம் எப்படிக் கட்டினார் என்று மாதவாரியாகக் காட்டும். கட்டாமல் விட்ட பெரும் பாக்கி, தீர்த்த பிறகும் மூன்று ஆண்டு அறிக்கையில் நிற்கும். சிறிய குற்றத்துக்குச் சிறிய தண்டனை பெற்றவர் ஐந்து ஆண்டு குற்றமின்றி இருந்தால் அந்தப் பதிவு கழிந்ததாகக் கொள்ளப்படும். 12 மாதம், 24 மாதம், 36 மாதம், 60 மாதம். தவறின் எடைக்குத் தக்க நினைவின் நீளம்.

உலகத்தில் வாடிக்கையாளர் கருத்தை வைத்து வியாபாரம் செய்பவர்களும் இப்படித்தான் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். தங்குவிடுதி முன்பதிவில் பெரிய நிறுவனமான புக்கிங் டாட் காம், 36 மாதம் தாண்டிய கருத்துகளை ஒதுக்கிவிடுகிறது. கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் 2016 மே மாதம், மொத்த மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே கடந்த 30 நாளின் மதிப்பீட்டையும் தனியாகக் காட்டத் தொடங்கியது. விளையாட்டு மென்பொருள் வாராவாரம் மாறும். விடுதிக் கட்டில் அவ்வளவு சீக்கிரம் மாறாது. முப்பது நாளுக்கும் முப்பத்தாறு மாதத்துக்கும் நடுவில் உணவுக்கடை எங்கே உட்காரும்? மிஷலின் வழிகாட்டியின் விடை 12 மாதம். சிங்கப்பூரில் 2016-இல் முதல் பதிப்பு வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது; உலகத்தில் தெருவோரச் சமையல் மரபிலிருந்து வந்த கடைகளுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதன்முறை. அவற்றில் சைனாடவுன் சோயா கோழிக் கடை 2021 பட்டியலில் நட்சத்திரத்தை இழந்தது. பட்டியல் ஆண்டுதோறும் திருத்தி எழுதப்படுகிறது. சென்ற ஆண்டு கிடைத்தது இந்த ஆண்டுக்குச் செல்லாது.

ஆனால் எல்லாவற்றையும் 12 மாதத்தில் மறந்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் 2009 ஏப்ரலை நினைத்துப் பார்க்க வேண்டும். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஓர் இந்திய ரோஜாக் கடையில் சாப்பிட்ட 154 பேர் நோயில் விழுந்தார்கள். இரண்டு பெண்கள் இறந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்து கிருமி, சமைத்த உணவுக்குத் தொற்றியதாகக் கருதப்பட்டது. 2018 நவம்பரில் ரிவர் வேலி சாலை உணவகம் ஒன்றின் சாப்பாட்டால் 82 பேருக்கு உடம்பு கெட்டது, ஒருவர் இறந்தார், உரிமம் ரத்தானது. இந்த மாதிரித் தகவலை ‘சாம்பார் உப்பு’, ‘அண்ணன் சிரிக்க மாட்டார்’ என்பவற்றோடு ஒரே பெட்டியில் போட்டு ஒரே கடிகாரத்தில் ஓட்டுவது தவறு. சுவைக்கு ஒரு கெடு, சுகாதாரத்துக்கு வேறு கெடு. நட்சத்திர முறை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. அங்கேதான் பாதிச் சிக்கல்.

சுகாதாரத்தின் பக்கம் அரசே அண்மையில் கடிகாரத்தை மாற்றிவிட்டது. 1997-இல் வந்த பழைய தர முறையில் கடைக்கு மதிப்பெண் போட்டு எழுத்து ஒட்டினார்கள்: 85 விழுக்காடும் அதற்கு மேலும் ஏ, 70 முதல் 84 வரை பி, 50 முதல் 69 வரை சி, 40 முதல் 49 வரை டி. விலைப்பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒட்டிய அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை பிராட்டா வாங்கியது. அது ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த புகைப்படம் போன்றது. அதிகாரி வந்த அன்று கடை எப்படி இருந்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. 2026 ஜனவரி 19 முதல், சிங்கப்பூர் உணவு அமைப்பு ஏறத்தாழ 45,000 உணவு நிலையங்களுக்கு வேறு முறையைக் கொண்டுவந்தது. இப்போது ஏ, பி, சி அல்லது ‘புதிது’. ஒரு நாள் சோதனைக்குப் பதிலாகப் பல ஆண்டு வரலாறு பார்க்கப்படுகிறது. சுத்தமான வரலாறு நீள நீள உரிமமும் நீளும், 10 ஆண்டு வரை.

இதில் எனக்குப் பிடித்தது ‘புதிது’ என்ற நான்காவது பட்டை. வரலாறு இல்லாதவருக்கு நல்லவர் பட்டமும் இல்லை, கெட்டவர் பட்டமும் இல்லை. நட்சத்திரச் சராசரியில் இப்படி ஒரு பட்டை கிடையாது. ஒன்று முன்னவர் விட்டுப்போன 2.1, இல்லையென்றால் முதல் நாள் வந்த மூன்று சொந்தக்காரர்கள் போட்ட 5.0. புதிதாகக் கடை எடுத்தவருக்கு இரண்டும் நியாயமில்லை.

பழையதை எடுக்காமல் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், “இருந்துவிட்டுப் போகட்டும், என்ன செலவு?” என்பது. செலவைப் பார்ப்போம். தமிழில் 300 குறியீடு நீளமுள்ள ஒரு கருத்து. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 900 பைட். 100,000 கருத்து என்றால் 90 மெகாபைட். மேகச் சேமிப்பில் ஒரு கிகாபைட்டுக்கு மாதம் ஏறத்தாழ 2.5 அமெரிக்க சென்ட் என்ற விலையில், ஓராண்டு வாடகை 3 சென்ட்கூட இல்லை. கருத்துக்கு இரண்டு படம், படம் 2 மெகாபைட் என்று சேர்த்தால் 400 கிகாபைட். மாதம் 10 அமெரிக்க டாலர், ஆண்டுக்கு 120. அவ்வளவுதான். சேமிப்புச் செலவைக் காரணம் காட்டி எதையும் அழிக்க வேண்டியதில்லை.

செலவு வேறு இடத்தில் விழுகிறது, படிப்பவர் தலையில். எங்கே சாப்பிடலாம் என்று தேடுபவர் 10 கருத்து படிக்கிறார், ஒன்றுக்கு 15 விநாடி. அந்தப் பத்தில் ஆறு செல்லாக்காசு என்றால் அவர் இழப்பது 90 விநாடி. ஆண்டில் 10,000 பேர் படித்தால் 250 மணி நேரம். உள்ளூர்ப் பகுதிநேர ஊழியருக்கு 2024 ஜூலையில் நிர்ணயித்த குறைந்தபட்ச மணிச்சம்பளமான 10.50 வெள்ளியால் பெருக்குங்கள்: 2,625 வெள்ளி. சேமிப்புக்கு 120 டாலர், வீணான நேரத்துக்கு 2,625 வெள்ளி. ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பது இலவசமில்லை. பணம் கட்டுவது வேறு ஆள் என்பதால் இலவசம் மாதிரித் தெரிகிறது.

எனவே பழையதைக் கணக்கிலிருந்து இறக்கிப் பரணில் ஏற்ற வேண்டும். எப்போது? வயது ஒரு காரணம் மட்டுமே, அதுவும் இரண்டாந்தரக் காரணம் என்பது என் வாதம். ஆளோ இடமோ விலையோ மாறி முறிவு நடந்த தேதிதான் முதல் காரணம். புக்கிட் மேராவிலேயே முறிவுகளுக்குப் பஞ்சமில்லை. தியோங் பாரு சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் செங் போ சந்தையாகத் தொடங்கியது, 2004-இல் இடிக்கப்பட்டது, 1 கோடியே 68 லட்சம் வெள்ளிச் செலவில் கட்டி 2006-இல் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் 259 சந்தைக் கடைகள், மேல்தளத்தில் 83 சமைத்த உணவுக் கடைகள். இடைப்பட்ட காலத்தில் கிம் போங் சாலைத் தற்காலிகச் சந்தையில் வியாபாரம் நடந்தது. 2017-இல் புதுப்பிப்புக்காகப் பிப்ரவரி முதல் மே வரை மறுபடியும் மூடல். ‘மேசை போதவில்லை, புழுக்கம், தரை வழுக்கும்’ என்று 2016-இல் எழுதிய ஒருவரின் சொல் 2017 மே மாதத்தோடு காலாவதி. அதே ஆள் அதே கருத்தில் ‘சுய் குவே அருமை’ என்று எழுதியிருந்தால் அது காலாவதி ஆகவில்லை. ஒரே கருத்துக்குள் இரண்டு ஆயுள். இதை எந்தச் சராசரியும் பிரித்துப் பார்க்காது, மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

புக்கிட் மேரா வியூ சந்தை 2021 ஜூனில் கொவிட் தொற்றால் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 18 வரை தீவு முழுக்க உட்கார்ந்து சாப்பிடவே தடை. அந்த மாதங்களில் எழுதப்பட்டவை பெரும்பாலும் பொட்டலம் ஆறிப்போன கதை, விநியோக ஆள் தாமதமாக வந்த கதை. கடையின் சமையலைப் பற்றி அவை சொல்வது கொஞ்சம். எடுத்து ஓரமாக வைப்பதில் யாருக்கும் நட்டமில்லை. தேக்கா நிலையம் 2023 ஜூலை 3 முதல் செப்டம்பர் 30 வரை மூடிப் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பிரியாணி வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், வியர்வையைப் பற்றிய பழைய புகார்களை அந்தத் தேதியோடு வெட்டலாம், பிரியாணியைப் பற்றியவற்றை வெட்ட முடியாது.

விலை பற்றிய கருத்துகளுக்குத் தேதியே கெடு. பொருள் சேவை வரி 2007 ஜூலையிலிருந்து 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. சிராங்கூன் சாலை உணவகத்தில் 100 வெள்ளிக்குச் சாப்பிட்ட குடும்பத்தின் ரசீது 107-இலிருந்து 109 ஆனது. ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை வரிப்பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலான அங்காடிக் கடைகளில் இந்த 2 வெள்ளி நேரடியாகத் தெரியாது. எண்ணெய், கோழி, எரிவாயு வழியாகச் சுற்றி வரும். ‘நான்கு வெள்ளிக்கு இவ்வளவா!’ என்று ஒருவர் வியந்து எழுதியது, இன்று ஐந்தரை வெள்ளி கேட்கும் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் வீண் சண்டையைத்தான் மூட்டும். எழுதிய தொகை மாறிய அன்றே பரணுக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அதேசமயம் கத்தியைக் கண்டபடி வீசினாலும் ஆபத்து. எத்தனை மிச்சம் வைக்க வேண்டும்? கருத்துகளின் திட்ட விலக்கம் 1.2 நட்சத்திரம் என்று கொள்வோம். ஐந்து கருத்தின் சராசரியில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 1.05 நட்சத்திரம், அதாவது 4.0 என்று தெரிவது 3-ஆகவும் இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம். இருபது கருத்தில் 0.53. நூறில் 0.24. இருபதுக்குக் கீழே போனால் எண்ணைக் காட்டாமல் ‘புதிது’ என்று போடுவதே நாணயம். நூறுக்கு மேல் புதியவை சேர்ந்துவிட்ட கடையில் பழையதைச் சுமப்பதால் துல்லியம் கூடுவது மிகக் கொஞ்சம். எழுதும் பழக்கம் குறைந்த கடைகளுக்கு, குறிப்பாகத் தமிழ் முதியவர்கள் நம்பி வரும் காலைப் பலகாரக் கடைகளுக்கு, இந்த இருபது ஒரு தடைச்சுவராக நிற்கும் என்பதும் உண்மை. அங்கே 36 மாதத்துக்குப் பதில் 60 மாதம் வரை விட்டுவைக்கலாம், ஆள் மாறாத வரை.

பரண் என்றால் குப்பைத்தொட்டி இல்லை. இங்கே சிங்கப்பூரிலேயே பாடம் இருக்கிறது. உணவுக்கடைகளைப் பற்றி மக்கள் எழுதிக் குவித்த ஹங்கிரிகோவேர் 2006-இல் தொடங்கியது. 2012-இல் சிங்டெல் அதை 1 கோடியே 20 லட்சம் வெள்ளிக்கு வாங்கியது. ஆறு ஆண்டு நாக்குக்கு 1.2 கோடி, ஆண்டுக்கு 20 லட்சம். எழுதிய நாக்குகளுக்குச் சல்லிக்காசு இல்லை, அது வேறு கதை. 2021 ஜூலையில் அது மூடப்பட்டது. பிறகு கிராப் நிறுவனம் அந்தப் பெயரை வாங்கி வேறு வடிவில் கொண்டுவந்தது. பதினைந்து ஆண்டாக எந்தக் கருத்தை வைப்பது, எந்தக் கருத்தை இறக்குவது என்று பிரிக்காமல் இருந்தால், கடைசியில் முடிவெடுப்பது ஒரு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்காகத்தான் இருக்கும்.

பின்னால் வருபவருக்கு இந்தப் பழைய கருத்துகள் தங்கம். ஒரு தட்டு நாசி பிரியாணி எந்த ஆண்டு என்ன விலை, எந்தக் கடை எப்போது மூடியது, எந்தப் பாட்டி எதற்காகப் பேர்போனவர் என்றெல்லாம் இதைவிட வேறு எங்கும் எழுதப்படவில்லை. அங்காடிப் பண்பாடு 2020 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறிய பண்பாட்டுக்குச் சாட்சி இந்தச் சில்லறைச் சொற்கள்தான். தேசிய நூலக வாரியத்துக்கு 2019 ஜனவரி 31 முதல், சிங்கப்பூர் முகவரி கொண்ட இணையத்தளங்களை அனுமதி கேட்காமலே சேமிக்கும் சட்ட அதிகாரம் உண்டு. அப்போது அப்படிப்பட்ட தளங்கள் 180,000-க்கும் மேல் என்று சொன்னார்கள். ஆக நாட்டுக்கே ஒரு பரண் இருக்கிறது. தனித்தனியாக வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு நிபந்தனை போடுகிறது: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த பிறகு ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை வைத்திருக்கக் கூடாது. அதற்கு இத்தனை ஆண்டு என்று எண் இல்லை. வழக்குத் தொடுக்கும் கால வரம்பு ஒப்பந்தத்துக்கும் அவதூறு போன்ற உரிமையியல் தீங்குக்கும் பொதுவாக 6 ஆண்டு. ஆகவே பெயரையும் தொடர்பு விவரத்தையும் ஆறு ஆண்டில் கழற்றிவிட்டு, சொல்லையும் தேதியையும் விலையையும் வைத்துக்கொள்வது கணக்குக்கு ஒத்துவரும்.

இத்தனைக்கும் ஆள்மாற்றத் தேதியைக் கண்டுபிடிப்பது கம்பசூத்திரம் இல்லை. தேசிய சுற்றுப்புற வாரியம் ஏலம் விடும் கடைகளின் எண்ணையும் வென்ற தொகையையும் வெளியிடுகிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கோ மாமியாரிடமிருந்து மருமகளுக்கோ போகும் கடைகள் அதில் வராது. அவற்றை நேரில்தான் கேட்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட கைமாற்றத்தில் பழைய கருத்தை உடனே இறக்கவும் வேண்டாம். செய்முறை ஒன்றேதான் என்று அவர்கள் பெருமையாகவே சொல்வார்கள், எடையைப் பாதியாக்குவது போதும்.

தியோங் பாரு மேல்தளத்தின் 83 கடைகளுக்கும் இதைச் செய்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்கு 15 நிமிடம்: யார் நடத்துகிறார், எப்போது எடுத்தார், விலைப்பலகை கடைசியாக எப்போது மாறியது என்ற மூன்று கேள்வி, ஒரு படம். 20 மணி 45 நிமிடம். அதே 10.50 வெள்ளி மணிச்சம்பளத்தில் 218 வெள்ளி. மதிய நெரிசலில் போனால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டரை மணிக்கு மேல், பாத்திரம் கழுவும் நேரத்தில் போக வேண்டும்.